கிழவி மலைக்கு வந்த கன்னியாஸ்திரி

ஓல்டுகாசில், மீத்
3 ஏப்ரல் 1978

நூலா,

பயப்படாதே, யாரும் சாகவில்லை. பதினேழு வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் என்றதும் உனக்கு நெஞ்சு படபடத்திருக்கும். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறையின்மேல் "சிஸ்டர் கொலும்பா" என்று எழுதியிருக்கிறேன். அது தபால்காரருக்காக. உள்ளே நீ நூலாதான். பெயர் வைத்த நாளில் நான் பக்கத்தில் நின்றவள்.

விஷயம் இதுதான். உன் அத்தான் ஃபெலிமுக்கு முதுகு போய்விட்டது. கன்றுக்குட்டி சேற்றில் விழுந்து கிடக்கிறதென்று தூக்கப் போனார். கன்றுக்குட்டி எழுந்து போய்விட்டது, இவர் எழவில்லை. இலையுதிர் காலம் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வேனில் பயணிகளை ஏற்றிக்கொண்டு டாரா, டிரிம் கோட்டை, கெல்ஸ், நம் கிழவி மலை என்று சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இப்போது நான் ஓட்டுகிறேன். ஓட்டுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பேசுவதுதான் கஷ்டம்.

போன வாரம் ஓர் அமெரிக்க அம்மாள் நம் மலைமேல் நின்றுகொண்டு, "இந்தக் கல்லறைக்கு எத்தனை வயசிருக்கும்?" என்று கேட்டாள்.

"என் மாமியார விட மூத்தது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் திரும்பும்போது அவள், "இவங்களுக்கு ஒண்ணும் தெரியல போலிருக்கே" என்று புருஷனிடம் சொன்னது முன்சீட்டில் எனக்குக் கேட்டது. ஆமாம், தெரியாதுதான். சின்ன வயதில் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு திரிந்தது நீ. நான் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஃபெலிமிடம் கேட்டால், "நானே பாதி கதை கட்டித்தான் விட்டேன்" என்கிறார். ஆகவே உன்னைக் கேட்கிறேன். இவர்களிடம் என்ன சொல்வது? சுருக்கமாக எழுது.

டிம்ப்னா

---

ஏரிக்கரை மடம், லெய்ட்ரிம்
12 ஏப்ரல் 1978

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மாலை ஜெபம் வரை மடியிலேயே வைத்திருந்தேன். பிரித்தால் தீர்ந்துவிடுமே என்று.

அத்தானின் முதுகுக்காக இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். எங்கள் மடத் தலைவி மதர் பிரெண்டன் கன்றுக்குட்டியை விசாரித்தார்.

முதலில் டாரா. அங்கே வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அரசர்களின் மலை என்று கேள்விப்பட்டு வந்திருப்பார்கள், வந்து பார்த்தால் வெறும் புல்மேடும் ஆட்டுப்புழுக்கையும்தான். நின்றுகொண்டு பார்த்தால் டாராவில் ஒன்றும் தெரியாது. அவர்களைப் புல்லில் படுக்கச் சொல். படுத்தால்தான் மேடும் பள்ளமும் முதுகுக்குத் தெரியும். எத்தனை பேர் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அப்போது புரியும். அதற்குப் பிறகு அரசக் கல்லைக் காட்டு. உண்மையான அரசன் தொட்டால் அது கத்துமாம். ஒவ்வொருவரையும் தொடச் சொல். யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

நம் மலைக்குக் கிழவியின் கதை போதும். மடி நிறையக் கற்களோடு அவள் மலைக்கு மலை தாவினாள், சிந்திய இடமெல்லாம் கல்லறை ஆயிற்று. வயதைக் கேட்டால் ஐயாயிரம் வருடம் என்று சொல். உன் மாமியாரையும் சேர்த்துச் சொல், அது நன்றாக இருக்கிறது. கல்லறைக் குகைக்குள் போனதும் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு. பிறகு விளக்கைச் சுவரில் சாய்த்துப் பிடி. செதுக்கிய பூவும் சூரியனும் அப்போதுதான் எழுந்து வரும்.

சுருக்கமாக எழுதச் சொன்னாய். எட்டுப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிழித்ததும் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இன்னும் கேள், அக்கா. எதை வேண்டுமானாலும் கேள்.

உன் தங்கை,
நூலா
(உள்ளே மட்டும்)

---

ஓல்டுகாசில்
21 மே 1978

நூலா,

பதினோரு அமெரிக்கர்கள் மழைக்கோட்டோடு டாராவில் மல்லாந்து படுத்திருந்தார்கள். தூரத்தில் வந்த பாதிரியார் ஓடோடி வந்துவிட்டார். ஏதோ விபத்து என்று நினைத்திருக்கிறார். "என்னம்மா ஆச்சு இவங்களுக்கு?" என்றார். "மண்ணைப் பார்க்கறாங்க ஃபாதர்" என்றேன். அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துப் படுத்துக்கொண்டார். நாற்பது வருடமாக அந்தப் பக்கம் ஜெபம் சொல்கிறவர்.

கல்லை எல்லோரும் தொட்டார்கள். அது கத்தவில்லை. ஒரு பல் டாக்டர் மட்டும் யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்து இரண்டாம் முறை தொட்டார்.

கெல்ஸில் நடுச்சந்தியில் அந்தக் கல் சிலுவை நிற்கிறதே, அதைச் சுற்றி லாரி போகிறது. கல்லில் உள்ள ஆதாம் ஏவாளைக் காட்டிக்கொண்டிருக்கும்போது லாரிக்காரன் ஹாரன் அடித்து, "அக்கா, அவங்க ரெண்டு பேரும் ஆயிரம் வருஷமா அங்கதான் நிக்கறாங்க. நீங்க கொஞ்சம் நகருங்க" என்றான்.

கிழவி கதைக்குக் கை தட்டினார்கள். விளக்கை அணைத்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரென்றே தெரியாதவள். வெளியே வரும் வரை விடவில்லை. எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. கல்லைப் பற்றிக் கேட்டால் எட்டுப் பக்கம் எழுதிக் கிழிக்கிறாய். பதினேழு வருடத்துக்கு முன் அம்மா செத்ததற்கு நான்கு வரி அனுப்பினாய். ஒரு சின்ன அட்டை, அதில் நான்கு வரி. நான் எண்ணினேன். சவப்பெட்டியைத் தூக்கும்போது ஃபெலிமின் சித்தப்பா, "இளையவ எங்க?" என்று கேட்டார். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள், வரவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

எதை வேண்டுமானாலும் கேள் என்றாயே. கேட்டுவிட்டேன்.

டிம்ப்னா

---

ஏரிக்கரை மடம்
30 ஜூன் 1978

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று முதலில் மதரிடம் கேட்க வேண்டியிருந்தது. "உண்மைதானே? அப்ப எழுது" என்றார்.

தந்தி வந்தபோது நான் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடிப்போய் அன்றைய மதரின் முன்னால் மண்டியிட்டு, அடக்கத்துக்குப் போக விடுங்கள் என்று கேட்டேன். "மடத்து விதி உனக்குத் தெரியும்ல, சிஸ்டர்" என்றார். மறுநாள் காலையிலும் கேட்டேன். அடக்கத்தன்று விடிந்ததும் மறுபடியும் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. தன் அப்பா இறந்தபோது அவரும் போகவில்லை. தனக்கு இல்லாததை எனக்குக் கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் நான்கு வரிதான் கொள்ளும். நான் கேட்டேன், விடவில்லை என்று அதில் எழுதினால் மடத்தைக் குறை சொன்னதாகும். அதனால் எழுதவில்லை.

இப்போது விதிகள் தளர்ந்துவிட்டன. இந்த வசந்தத்தில் சிஸ்டர் ஜெர்வாஸ் தன் அண்ணன் அடக்கத்துக்குப் போய்விட்டு, ஒரு பொட்டலம் பழக் கேக்கோடு திரும்பி வந்தாள். எங்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். நானும் தின்றேன், ருசியாக இருந்தது. பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்னொரு செய்தி. என் தொண்டையில் ஒரு கட்டி இருக்கிறது. பெரிதில்லை, கழுத்துத் துணிக்குள் யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் எட்டாம் தேதி டப்ளினில் டாக்டர் பார்க்கிறார். இங்கே பாட்டுக் குழுவை நடத்துவது நான்தான், அதனால் மதர் என்னைவிட அதிகமாகக் கவலைப்படுகிறார். மடத்துக் கார் பழுதாகிக் கிடக்கிறது. உறவினர் யாரிடமாவது வண்டி இருந்தால் அழைத்துப் போகலாம் என்கிறார். நான் உன்னைக் கேட்கவில்லை. செய்தியாகச் சொல்கிறேன்.

நூலா

---

ஓல்டுகாசில்
3 ஜூலை 1978

நூலா,

கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. மூன்று முறை கேட்டிருக்கிறாய்.

உன் கடிதத்தை ஃபெலிமிடம் கொடுத்தேன். படித்து முடித்தார். பிறகு, "வேனை நல்லாக் கழுவு டிம்ப்னா, ஒரே ஆட்டு நாத்தம்" என்றார்.

எட்டாம் தேதி காலை வாசலில் நிற்பேன். வேறு யாரையும் கேட்காதே. கழுத்தில் குளிர் படாமல் எதையாவது சுற்றிக்கொள்.

டிம்ப்னா

---

ஏரிக்கரை மடம்
20 ஜூலை 1978

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நன்றி என்ற சொல் போதாது, இருந்தாலும் அதையே எழுதுகிறேன்.

ஒரு சங்கடம். வெளியே போகிற சிஸ்டர் நேராகப் போய் நேராக வர வேண்டும் என்பது இன்னும் விதிதான். மத்தியானம்தான் டாக்டர் பார்க்கிறார், ஆகவே நேரம் இருக்கும். அம்மாவின் கல்லறையையும் மலையையும் பார்க்க நம் ஊர் வழியாகப் போனால் எவ்வளவு சுற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேட்கவே கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் மதரின் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அவரே கதவைத் திறந்து, "என்ன சிஸ்டர், தரையைத் தேய்க்கறீங்களா?" என்றார்.

சொன்னேன். மேப்பை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லெய்ட்ரிமிலிருந்து டப்ளின் வரை விரலால் கோடு இழுத்தார். அவர் விரல் ஓல்டுகாசில் வழியாக வளைந்து போயிற்று.

"நேராத்தானே இருக்கு?" என்றார்.

"மதர், நடுவில மலை இருக்கு."

"மலை குறுக்க வந்தா ஏறித்தானே ஆகணும்? நான் கெர்ரிக்காரி. எங்க ஊர்ல நேரான ரோட்ட நான் பார்த்ததே இல்ல."

அக்கா, எனக்குத் தூக்கமே வரவில்லை. கட்டியை நினைத்து இல்லை, மலையை நினைத்து. அது பாவமா என்று தெரியவில்லை.

நூலா

---

ஓல்டுகாசில்
13 ஆகஸ்ட் 1978

நூலா,

ஃபெலிம் அன்றைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி என் உயிரை எடுக்கிறார். முதல் முறை நீ மலையில் நடந்தாய் என்று சொன்னேன். அடுத்த முறை ஓடினாய். நேற்று சொன்னபோது கிழவியைப் போலவே தாவினாய். பாதிக்குப் பாதி உண்மைதான். கான்வென்ட் செருப்பைப் போட்டுக்கொண்டு, அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படி ஏறுவாய் என்று யார் நினைத்தது? நான் பாதி வழியில் வேலிக்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். மேலே பார்த்தால், காற்றில் உன் முக்காடு வால் மாதிரி பறக்கிறது, ஆடுகளெல்லாம் சிதறி ஓடுகின்றன.

அந்த பிரெஞ்சுக்காரர்கள் உன்னைப் படம் எடுத்தார்களே, கிழவியின் கல் நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தபோது? அதில் ஒருவன் கீழே வந்து என்னிடம், "அவங்க தினமும் அங்க உட்காருவாங்களா?" என்று கேட்டான். "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்றேன்.

குகைக்குள் நான் விளக்கை அணைத்தேன். உன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. உன் தொண்டையில் அது உரசுகிற சத்தமும் கேட்டது. அதுவரை எனக்குப் பயம் வரவில்லை, நூலா. பிறகு விளக்கை ஏற்றிச் சுவரில் சாய்த்துப் பிடித்ததும் நீ குழந்தை மாதிரி, "அக்கா, இதோ, இதோ" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய். நான் பூவைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது டாராவில் படுத்திருந்தோமே, அதை ஃபெலிமிடம் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

டாக்டர் என்ன சொன்னாலும் உடனே தெரியப்படுத்து. நல்லதோ கெட்டதோ, அழகாகச் சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

---

ஏரிக்கரை மடம்
29 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்கா,

"அக்கா" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். நான் கவனித்தேன்.

சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னாய். கட்டி உயிரை எடுக்கிற வகை இல்லை. ஆனால் எடுத்தே ஆக வேண்டும், வளர்கிறது. குரல் நரம்பு அதில் சிக்கியிருக்கிறது. "சிஸ்டர், பேசுவீங்க. பாடுறதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி அறுவை. அதற்குள் மடத்துக் கார் சரியாகிவிடும், அதனால் நீ வேனைக் கழுவ வேண்டாம்.

இதைப் படித்ததும் நீ கோபப்படுவாய், யார்மேல் என்று தெரியாமல். வேண்டாம், அக்கா. ஏனென்றால் நான் பாடிவிட்டேன்.

அம்மாவின் கல்லறையில் நான் ஜெபம் சொல்வேன் என்று நீ காத்திருந்தாய், இல்லையா? எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. பதினேழு வருடம் தினமும் சொன்ன ஜெபம், அங்கே போனதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டேன். அழுதாள், ஏங்கினாள் என்று சொல்லப்போகிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னாய்: "'நூலாவப் பாடச் சொல்லு'ன்னா. அவ இங்க இல்லம்மான்னேன். 'அப்ப நீ பாடு'ன்னா. பாடினேன். ரெண்டு வரிதான். 'போதும்டி டிம்ப்னா, நிறுத்து. நான் நிம்மதியாப் போகணும்'னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதுக்கப்புறம் அவ அதிகம் பேசல."

அக்கா, அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பு. கல்லறைத் தோட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி அப்படிச் சிரிக்கலாமா? அந்தச் சிரிப்பு முடிகிற இடத்திலேயே அம்மாவின் பால் கறக்கிற பாட்டு தானாக வந்தது. நாலு அடியும் முழுதாக வந்தது. லத்தீன் பாட்டு ஆயிரம் பாடியிருக்கிறேன். இதைப் பாடி இருபத்தைந்து வருடம் இருக்கும். நீ என் பக்கம் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் தோள் குலுங்கியது எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவளுக்குப் பாடியாயிற்று. இனி டாக்டர் தன் வேலையைச் செய்யட்டும்.

இப்படி எழுதிவிட்டேன். ஆனால் காலையில் பாட்டுக் குழு முன்னால் நிற்கும்போது பாட்டை ஆரம்பிக்காமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நூலா

---

ஏரிக்கரை மடம்
10 அக்டோபர் 1978

அன்புள்ள அக்கா,

திரும்பி வந்துவிட்டேன். கழுத்தில் கட்டு, கையில் எழுதிக் காட்ட ஒரு பலகை. ஆறு வாரம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

நீ இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தாயாம். நான் மயக்கத்தில் இருந்தேன். நர்ஸ் சொன்னாள்: "உங்க அக்கா டாக்டரையே உலுக்கி எடுத்துட்டாங்க." எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் சொன்னபடிதான் ஆயிற்று. ஒரு பக்க நரம்பு போய்விட்டது. பேச்சு வரும், கரகரப்பாக. பாட்டு வராது. மதர் பிரெண்டன் இதை என்னிடம் சொல்லிவிட்டு என்னோடு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார். இரண்டு கூடை உரித்தோம்.

பாட்டுக் குழுவை சிஸ்டர் ஜெர்வாஸ் எடுத்துக்கொண்டாள். நான் பின்வரிசையில் நிற்கிறேன். நேற்று முதன்முறையாக மற்றவர்கள் பாடுவதைக் கேட்டேன். இத்தனை வருடம் என் குரல் நடுவில் இருந்ததால் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் பாடுகிறார்கள். சில இடத்தில் சுதி இறங்குகிறது. அப்போது என் வாய் தானாகத் திறக்கிறது. மூடிக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். ஆனால் இந்த அமைதி வேறு, அக்கா. நானாக வைத்துக்கொண்ட அமைதி ஒன்று, என்மேல் வைத்த அமைதி ஒன்று. இது எனக்குப் பழக்கமில்லை. பகல் நீளமாக இருக்கிறது.

உன் பயணிகளைப் பற்றி எழுது. நீளமாக எழுது.

நூலா

---

ஓல்டுகாசில்
16 அக்டோபர் 1978

நூலா,

எழுத மாட்டேன்.

பயணிகள் சீசன் முடிந்தது, வேன் சும்மா நிற்கிறது, ஃபெலிம் எழுந்து நடக்கிறார். மதர் பிரெண்டனிடம் நேற்று போனில் பேசினேன். மடத்துப் பார்வையாளர் அறை சனிக்கிழமைகளில் மத்தியானம் முழுவதும் காலியாம். "சிஸ்டர் கொலும்பா பேச முடியாதே, வந்து என்ன பண்ணுவீங்க?" என்றார். "அவ பேசாம இருக்கறது ரொம்ப நல்லது மதர், நடுவில குறுக்கிட மாட்டா" என்றேன். அவர் அப்படிச் சிரித்தார், போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

இந்தச் சனிக்கிழமை வருகிறேன். அடுத்த சனிக்கிழமையும் வருவேன். உன் ஆறு வாரம் முடிந்த பிறகும் வருவேன்.

அந்த அறையின் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். பலகையெல்லாம் வேண்டாம். உனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. என் கல்யாண மோதிரம் கிணற்றில் விழுந்தது, ஃபெலிமின் சித்தப்பா எழுபது வயதில் கல்யாணம் செய்துகொண்டது, எனக்குத் தங்காமல் போன இரண்டு குழந்தைகள், நம் வீட்டுக் கூரை பறந்துபோனது, எதுவும் உனக்குத் தெரியாது.

நீ வாயே திறக்க வேண்டாம். பதினேழு வருடப் பேச்சு என்னிடம் இருக்கிறது.

அக்கா